தேர் நிலைக்கு வந்த கதை: 1987-ல் நான் சொன்ன ஒரு தவறான பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு மாலைக் காபிக்குப் பிறகு தொடரலாம். நிறுத்துவதைப் பற்றிய பதிவுதான் இது.

1987-ஆம் ஆண்டு. பிளஸ் டூ வகுப்பு. படியெடுத்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் டி.என்.ஏ. இழையை வரைந்து, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி எந்த இடத்தில் வந்து அமர்கிறது, எப்படி எழுத்து எழுத்தாகப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கிறது என்று சொல்லி முடித்தேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டீங்க. எங்க நிறுத்தணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"யு ஏ ஏ, யு ஏ ஜி, யு ஜி ஏ. இந்த மூன்றில் ஒன்று வந்தால் நின்றுவிடும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது.

அந்தப் பதில் தவறு. அந்த மூன்றும் ரைபோசோமுக்கான நிறுத்தக் குறிகள். தூது ஆர்.என்.ஏ.யைப் படித்துப் புரதம் கட்டும்போது "இங்கே போதும்" என்று சொல்பவை. டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் பாலிமரேஸுக்கு அவை வெறும் எழுத்துகள். அவற்றின் மேல் ஓடிக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். மொழிபெயர்த்தலின் பதிலைப் படியெடுத்தலுக்குச் சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஆற அமரப் படிக்கும்போதுதான் அவள் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று புரிந்தது. அந்த ஆண்டில் உலகின் முன்னணி ஆய்வுக்கூடங்கள் சிலவற்றிலும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முழுப் பதில் உருவாக இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையை இன்று சொல்கிறேன். கடனைத் தீர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நிற்பது ஏன் முக்கியம்?

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேர் கிளம்பும் நேரத்தைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கும். திருப்பத்திலும் நிலை அருகிலும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை செருகுகிறவரை எத்தனை பேர் பார்க்கிறோம்? அவர் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வராது. எதிரில் இருக்கும் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். பாலிமரேஸும் அப்படித்தான். ஒரே டி.என்.ஏ. இழையில் ஜீன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு ஜீனின் முடிவில் நிற்காவிட்டால் அது அடுத்த ஜீனுக்குள் புகுந்து அங்கே நடக்க வேண்டிய வேலையைக் கெடுக்கும். நிற்கும் நொதிதான் விடுபட்டு வேறு ஜீனுக்குப் போகவும் முடியும். நம் தசையில் உள்ள டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் ஜீன் 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளமானது. அதை ஒருமுறை படியெடுக்கச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு தூரம் இழையை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு நொதியை ஓரிடத்தில் கழற்றிவிடுவது லேசான காரியம் அல்ல.

பாக்டீரியாவில் இந்தக் கேள்விக்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது. 1969-ல் ஜெஃப்ரி ராபர்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளர், பாலிமரேஸை நிற்கவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்த 'ரோ காரணி'. ரோ இல்லாமலும் பாக்டீரியாவில் நிறுத்தம் நடக்கும், ஆர்.என்.ஏ. தன் மேலேயே கொண்டை ஊசி போல மடிந்து, அதைத் தொடர்ந்து யு எழுத்துகள் வரிசையாக வந்தால் நகல் கழன்றுவிடும்.

அதே 1969-ல் ராபர்ட் ரோடர், வில்லியம் ரட்டர் இருவரும், நம்மைப் போன்ற மெய்யுட்கரு உயிரிகளின் செல்லில் ஒன்றல்ல, மூன்று ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள் இருப்பதைக் காட்டினார்கள். பாலிமரேஸ் 1 ரைபோசோமுக்கான பெரிய ஆர்.என்.ஏ.க்களைத் தயாரிக்கிறது. பாலிமரேஸ் 3 கடத்து ஆர்.என்.ஏ. போன்ற சிறியவற்றை. புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ.யைத் தருவது பாலிமரேஸ் 2.

இதில் 1-ம் 3-ம் அதிகம் தொல்லை தரவில்லை. 1981-ல் போகன்ஹேகன், பிரவுன் இருவரும் தவளையின் 5எஸ் ஜீனை ஆராய்ந்து, நான்கோ அதற்கு மேலோ டி எழுத்துகள் சேர்ந்து வந்தால் பாலிமரேஸ் 3 நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். பாலிமரேஸ் 1-க்கோ ஜீனின் முடிவில் டி.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஒரு புரதம் தடுப்புக் கட்டையாக இருக்கிறது. 1980-களின் நடுவில் இங்க்ரிட் கிரம்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு எலியின் செல்லில் அதைக் கண்டது.

பாலிமரேஸ் 2-தான் பிடி கொடுக்கவில்லை. அதன் கதை ஒரு வாலில் தொடங்குகிறது.

1960-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மேரி எட்மண்ட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர், ரிச்சர்ட் ஏப்ரம்ஸுடன் சேர்ந்து கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து ஒரு விசித்திரமான நொதியைப் பிரித்தெடுத்தார். அது எந்த டி.என்.ஏ.யையும் பார்த்து எழுதவில்லை. ஏ, ஏ, ஏ என்று ஒரே எழுத்தை வரிசையாகக் கோத்துக்கொண்டே போயிற்று. இப்படி ஒரு நொதி செல்லுக்கு எதற்கு? பதினொரு ஆண்டுகள் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. 1971-ல் எட்மண்ட்ஸின் குழு உட்பட மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் விடையை வெளியிட்டன: தூது ஆர்.என்.ஏ.யின் கடைசியில் சுமார் 200 ஏ எழுத்துகள் கொண்ட வால் இருக்கிறது. நாம் பாடத்தில் 'வால் சேர்த்தல்' என்று படித்தோமே, அது இதுதான். ஜீனில் இதற்கு ஈடாக 200 டி எழுத்துகள் இல்லை. ஆக, வால் நகல் எடுக்கப்பட்டதல்ல, பிறகு ஒட்டப்பட்டது.

அடுத்தது 1976. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஜார்ஜ் பிரௌன்லீயிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் நிக் பிரவுட்ஃபுட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க வருவார். எழுத்து வரிசையைப் படிப்பது மாதக்கணக்கில் ஆகும் வேலையாக இருந்த காலம் அது. முயல், மனிதன், எலி, கோழி ஆகியவற்றின் ஆறு தூது ஆர்.என்.ஏ.க்களின் வால் பகுதியை அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். மற்ற எழுத்துகள் எப்படி எப்படியோ மாறியிருந்தன. ஆனால் வாலுக்குச் சற்று முன்னால் ஆறிலும் ஒரே சொல் இருந்தது: ஏ ஏ யு ஏ ஏ ஏ. கோழி முட்டைப் புரதத்துக்கும் மனித ரத்தப் புரதத்துக்கும் பொதுவான ஒரு சொல். 1981-ல் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஷெங்க் இருவரும் எஸ்.வி.40 என்ற வைரஸில் அந்தச் சொல்லை நீக்கிப் பார்த்தார்கள். வால் சேரவில்லை. அது ஓர் அடையாளக் குறி என்பது உறுதியாயிற்று.

இங்கே எல்லோரும் இயல்பாக நினைத்தது என்ன? பாலிமரேஸ் அந்தக் குறிக்கு அருகில் நிற்கிறது, நகல் கழல்கிறது, அதன் நுனியில் வால் ஒட்டப்படுகிறது. எளிமையான, அழகான விளக்கம். அதுவும் தவறு என்று தெரிந்தது.

ஜேம்ஸ் டார்னெல் குழுவினர் 1970-களின் கடைசியில் அடினோவைரஸிலும், 1981-ல் எலியின் ஹீமோகுளோபின் ஜீனிலும் ஒரு சோதனை செய்தார்கள். செல்லின் உட்கருவைத் தனியே பிரித்து, அதற்குக் கதிரியக்க அடையாளம் உள்ள எழுத்துகளைக் கொடுப்பார்கள். ஏற்கெனவே டி.என்.ஏ. மேல் ஓடிக்கொண்டிருக்கும் பாலிமரேஸ்கள் இன்னும் சிறிது தூரம் ஓடி, அந்த அடையாளத்தைத் தங்கள் நகலில் சேர்க்கும். பிறகு அந்த நகல்கள் ஜீனின் எந்தத் துண்டோடு பொருந்துகின்றன என்று பார்ப்பார்கள். எந்தத் துண்டின் மேல் பாலிமரேஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன என்று தெரிந்துவிடும். ஊருக்கு வெளியே சாலையில் பஸ்களை எண்ணுவது போலத்தான்.

கடைசி நிறுத்தம் என்று நினைத்த இடத்தைத் தாண்டியும் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன! வால் ஒட்டும் இடத்தைக் கடந்து 1000 எழுத்துகளுக்கு மேல் பாலிமரேஸ் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் தூது ஆர்.என்.ஏ.யின் முடிவு என்பது படியெடுத்தலின் முடிவு அல்ல. நகல் நீண்டுகொண்டிருக்கும்போதே ஒரு கத்தரி வந்து குறிக்கு அருகில் வெட்டுகிறது. வெட்டிய நுனியில் வால் ஒட்டப்படுகிறது. இது எதுவும் தெரியாததுபோலப் பாலிமரேஸ் மேலே ஓடுகிறது. பிறகு எங்கோ நிற்கிறது.

எங்கே? எதனால்? அந்த இடத்தில் தனி அடையாளச் சொல் எதுவும் கண்ணில் படவில்லை.

பதிலுக்கான முதல் வெளிச்சம் ஒரு நோயிலிருந்து வந்தது. தலசீமியா என்ற ரத்தசோகையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களில் மருத்துவத் துறைக்குப் போனவர்கள் அந்தக் குழந்தைகளைப் பார்த்தும் இருப்பீர்கள். ஹீமோகுளோபினின் ஒரு பாதி போதுமான அளவு உற்பத்தியாகாத பரம்பரைக் குறை அது. 1983-ல் டக்ளஸ் ஹிக்ஸ், டேவிட் வெதரால், பிரவுட்ஃபுட் உள்ளிட்டோர் சவுதி அரேபியாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் ஆல்ஃபா 2 குளோபின் ஜீனைப் படித்தார்கள். புரதத்துக்கான எழுத்துகள் அத்தனையும் சரியாக இருந்தன. பிழை வால் குறியில் இருந்தது. டி.என்.ஏ.யில் ஏ ஏ டி ஏ ஏ ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் கடைசி ஏ-க்குப் பதில் ஜி. ஓர் எழுத்து. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆறு நகல்களை ஒப்பிட்டுக் கண்டெடுத்த அதே சொல், இப்போது ஒரு மனிதரின் ரத்தத்தில் பிழையாக வந்து நின்றது.

1986-ல் எம்மா ஒயிட்லாவும் பிரவுட்ஃபுட்டும் அந்தப் பிழையுள்ள ஜீனில் பாலிமரேஸ் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அது நிற்கவேயில்லை, தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதே இழையில் சற்றுக் கீழே ஆல்ஃபா 1 என்ற அடுத்த ஹீமோகுளோபின் ஜீன் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து புரிந்தது இது: வால் குறி வாலுக்கு மட்டும் அல்ல. பாலிமரேஸ் அந்தக் குறியைத் தாண்டித்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் குறி இல்லாவிட்டால் நிற்பதே இல்லை.

குறி இங்கே, நிறுத்தம் அங்கே. நடுவில் என்ன நடக்கிறது? இந்த இடத்தில்தான் 1987-ம் என் வகுப்பும் வருகின்றன. இரண்டு விளக்கங்கள் எழுந்தன.

முதல் விளக்கம், 1987-ல் டார்னெல், ஷெங்க் குழுவினர் எலி ஜீனில் செய்த ஆய்வையொட்டி வளர்ந்தது. வால் குறியைத் தாண்டியதும் பாலிமரேஸின் நிலையே மாறிவிடுகிறது. அதுவரை அதை ஓடவைத்த துணைப் புரதங்கள் விலகுகின்றன அல்லது வேறு புரதங்கள் வந்து சேர்கின்றன. பிடி தளர்ந்து, கொஞ்ச தூரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. இதை 'அல்லோஸ்டெரிக்' கொள்கை என்றார்கள். உருமாற்றக் கொள்கை என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது விளக்கம், 1988-ல் கொன்னலி, மேன்லி இருவரும், அடுத்த ஆண்டு பிரவுட்ஃபுட்டும் முன்வைத்தது. தூது ஆர்.என்.ஏ.யின் முன்முனையில் ஒரு மூடி உண்டு என்று படித்திருக்கிறீர்கள். அந்த மூடிதான் ஆர்.என்.ஏ.யை முன்பக்கமிருந்து தின்னும் நொதிகளிடமிருந்து காப்பது. இப்போது கத்தரி வெட்டியதை நினைத்துப் பாருங்கள். முன் துண்டு வாலைப் பெற்றுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறது. பின் துண்டு இன்னும் பாலிமரேஸின் வாயிலிருந்து நீண்டுகொண்டிருக்கிறது. அதன் வெட்டுப்பட்ட முனையில் மூடி இல்லை. தின்னும் நொதி ஒன்று அங்கே பற்றிக்கொண்டு, கயிறு பிடித்து ஏறுவதுபோல் தின்றுகொண்டே துரத்தும். பாலிமரேஸைவிட வேகமாகப் போனால் ஒரு கட்டத்தில் அதைப் பிடித்து முட்டித் தள்ளிவிடும். கப்பலைத் துரத்திப் போய்த் தாக்கும் ஆயுதத்தின் பெயரால் இதற்கு 'டார்பிடோ' கொள்கை என்று பெயர்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தத் தின்னும் நொதி எது? பதினாறு ஆண்டுகள் யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. இடையில் 1997-ல் டேவிட் பென்ட்லியின் குழுவினர் ஒன்றைக் காட்டினார்கள். பாலிமரேஸ் 2-க்குப் பின்னால் ஒரு நீண்ட தொங்கல் உண்டு. ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வரி, மனிதனில் 52 முறை, ஈஸ்டில் 26 முறை திரும்பத் திரும்ப வருகிறது. வெட்டும் வால் ஒட்டும் வேலைகளுக்கான புரதங்கள் அந்தத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு பாலிமரேஸோடு கூடவே பயணம் செய்கின்றன. தேரோடு முட்டுக்கட்டைக்காரரும் நடந்து வருவதுபோல.

2004 நவம்பரில் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஸ்டீபன் புராடோவ்ஸ்கியின் குழு ஈஸ்டில் ராட் 1 என்ற நொதியையும், பிரவுட்ஃபுட்டின் குழு மனித செல்லில் அதன் உறவினரான எக்ஸ்.ஆர்.என்.2 என்ற நொதியையும் அடையாளம் காட்டின. அந்த நொதி வேலை செய்யாதபடி செய்தால் பாலிமரேஸ் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுகிறது. டார்பிடோ அகப்பட்டுவிட்டது. 2006-ல் வெட்டும் கத்தரியும் எது என்று உறுதியாயிற்று: சி.பி.எஸ்.எஃப்.73 என்ற புரதம்.

உருமாற்றக் கட்சி தோற்றது, டார்பிடோ கட்சி வென்றது என்று முடித்துவிடலாமா? முடியவில்லை. சோதனைக் குழாயில் பாலிமரேஸையும் ராட் 1-ஐயும் மட்டும் சேர்த்துப் பார்த்தபோது, அது ஆர்.என்.ஏ.யைத் தின்றது, ஆனால் பாலிமரேஸைக் கழற்றவில்லை. 2009-ல் வந்த முடிவு இது. தின்றுகொண்டு போய் முட்டினால் மட்டும் போதவில்லை.

கடைசியில் 2018 முதல் 2020 வரை, 2004 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவன் வெஸ்டின் குழுவும், பென்ட்லியின் குழுவும் செய்த ஆய்வுகளில் இரண்டு விளக்கங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. பாலிமரேஸ் வால் குறியைத் தாண்டுகிறது. உடன் வரும் பி.பி.1 என்ற நொதி, ஓட்டத்துக்குத் துணையாக இருக்கும் எஸ்.பி.டி.5 என்ற புரதத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. பாலிமரேஸின் வேகம் குறைகிறது. இது உருமாற்றக் கட்சி சொன்னது. கத்தரி வெட்டுகிறது. மூடியில்லாத முனையை எக்ஸ்.ஆர்.என்.2 பற்றித் தின்றுகொண்டு வந்து, தளர்ந்து நகரும் பாலிமரேஸை எட்டிப் பிடித்துக் கழற்றுகிறது. இது டார்பிடோ கட்சி சொன்னது. முதலில் முட்டுக்கட்டை, பிறகு வடத்தை விடுவது. தேர் நிலைக்கு வந்துவிடுகிறது.

முப்பது ஆண்டுகள் எதிரெதிராக நின்ற இரண்டு தரப்பும் பாதிப் பாதி சரி. வாழ்க்கையில் வேறு எங்கெல்லாம் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலருக்குக் கல்யாணமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இது நின்றுபோன பழைய கதையும் அல்ல. இன்ஃப்ளூயன்சா வைரஸின் ஒரு புரதம் நம் செல்லின் வெட்டும் குழுவிலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்து முடக்குகிறது என்று 1998-ல் தெரிந்தது. செல் தன் தூது ஆர்.என்.ஏ.க்களை முடிக்க முடியாமல் தவிக்க, வைரஸ் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. 2015-ல் ஹெர்பிஸ் வைரஸ் தாக்கிய செல்களிலும், உப்புச் செறிவு மாறித் திணறும் செல்களிலும் பாலிமரேஸ்கள் ஆயிரக்கணக்கான ஜீன்களின் முடிவைத் தாண்டி ஓடுவதைக் கண்டார்கள். செல் நலமாக இருந்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. நலம் கெட்டால் முதலில் தவறுபவற்றில் ஒன்று, நிறுத்துவது.

இப்போது அந்த இரண்டாவது பெஞ்சு மாணவிக்கு. இந்தப் பதிவு உன் கண்ணில் படும் என்று நம்புகிறேன். பெயர் எழுதவில்லை, நீதான் என்று உனக்குத் தெரியும். அம்மா, அன்று நான் சொன்ன பதிலை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்:

"நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் எழுதி வைத்திருக்கவில்லை. முன்னாலேயே ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறியைத் தாண்டியதும் வேகம் குறைகிறது, நகல் வெட்டப்படுகிறது, மிச்சத்தைத் தின்றுகொண்டு வரும் நொதி பாலிமரேஸைக் கழற்றுகிறது."

அன்று "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அதுவே சரியான பதில். 1987-ல் உலகத்தில் யாரும் அதற்கு மேல் முழுசாகச் சொல்லியிருக்க முடியாது. நீயும் "யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டேன்" என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாய். நான் உனக்குக் கொடுக்காமல் விட்டது அந்தச் சந்தோஷத்தைத்தான். அதற்காக வருந்துகிறேன்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் இங்கே சிலர் உண்டு. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "எங்க நிறுத்தணும்?" என்று கேட்டால், மணி அடிக்கட்டும், பரவாயில்லை. அந்தக் கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, பக்கத்தில் தேதியையும் போடுங்கள்.

நானும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இந்த முறை திருத்திவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் சார்